யன்னலுக்குச் சீலை போடாத அக்கா

டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் நாங்கள் இருந்த தொடர்மாடியில் தமிழ்க் குடும்பங்களைத் தேடி வருகிறவர்கள் கதவு இலக்கம் பார்த்து மினைக்கெட வேண்டியதில்லை. கீழே றோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். எந்த யன்னலில் தடித்த சீலை இழுத்து மூடிக் கிடக்கிறதோ அது தமிழ் வீடு. டேனிஷ்காரரின் யன்னல்கள் உள்ளதை உள்ளபடி காட்டிக்கொண்டு கிடக்கும். நடுவில் ஒரு விளக்கு, இரண்டு பூச்சாடி, சிலவேளை ஒரு பூனை. எங்கள் வீட்டுச் சீலை நாவல்பழ நிறம். என் கணவர் கடையில் தடவிப் பார்த்து, இருப்பதிலேயே மொத்தமானதைத் தெரிவு செய்து வாங்கியது. பகலிலும் லைற் போட்டுத்தான் சமைப்பேன். இந்த அடையாளத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாத ஒரே தமிழ் வீடு எங்களுக்கு மேல் மாடியில் இருந்த அக்காவுடையது.

அந்தக் கட்டடமும் லேசுப்பட்டதல்ல. வெள்ளைச் சுவர், தட்டைக் கூரை, இருக்கும் அறையின் ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடி. யாரோ பெயர் போன கட்டடக் கலைஞர் வரைந்ததாம். நாங்கள் வந்த புதிதில் கூரையைப் பார்த்துவிட்டு, இது இன்னும் கட்டி முடியவில்லை, மேலே இன்னொரு மாடி எழுப்பப் போகிறார்கள் என்றே நினைத்திருந்தோம். ஊரில் தட்டாக விட்டு வைத்தால் அதுதானே அர்த்தம். ஒரு வருடம் கழிந்தும் சீமெந்து லொறி வராததைக் கண்டு என் கணவர், "உவங்களுக்கும் காசு முடிஞ்சுபோச்சுப்போலை" என்றார்.

கட்டடத்துக்கு எதிரே பெரிய வெறும் வயல். மாரி வந்து பனி கொட்டினால் வேலி, வரம்பு, பாதை எல்லாம் மறைந்து ஒரே வெள்ளையாகிவிடும். மாசி, பங்குனியில் அந்தப் பனி இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகும். அதன்மேல் தாழ்வாக வரும் சூரியன் பட்டால், வெளிச்சம் நேரே அக்காவின் அறைக்குள் போய்க் குசினிச் சுவரில் அடிக்கும். அந்த வெளிச்சத்துக்கு முகம் கொடுத்தபடி ஒரு கதிரையைப் போட்டு அக்கா இருப்பார். வயோதிபர் இல்லத்தில் காலை வேலை முடித்து, வயல் றோட்டால் சைக்கிளில் வந்து, தேத்தண்ணியும் கையுமாக அங்கே இருந்தால் பின்னேரம் வரை அந்த இடம்தான். தையல், மரக்கறி வெட்டுவது, டேனிஷ் பாடம் படிப்பது எல்லாம் கண்ணாடிக்கு முன்னால். றோட்டால் போகிறவர்கள் தலையசைப்பார்கள். அக்காவும் அசைப்பார். நாயோடு நடக்கும் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போவார்.

நான் குடிவந்த கிழமையே, பாவம், சீலை வாங்க வழியில்லைப்போலும் என்று நினைத்து, எங்களிடம் மிஞ்சிய நாவல்பழத் துணியை மடித்துக்கொண்டு மேலே போனேன். அக்கா வாங்கித் தடவிப் பார்த்தார்.

"நல்ல துணி, பிள்ளை. எனக்கோ?"

"யன்னலுக்குப் போடுங்கோ அக்கா. வெளியாலை நிண்டால் எல்லாம் தெரியுது."

"தெரியட்டும். மூடினது காணும்."

அடுத்த முறை போனபோது அந்தத் துணி நான்கு தலையணை உறையாகிச் சோபாவில் கிடந்தது. எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது.

'மூடினது காணும்', இனிப் போதும், என்பது அக்காவின் வாயில் அடிக்கடி வரும். எதை மூடினது என்று விளக்கம் சொல்ல மாட்டார். யாழ்ப்பாணம் குருநகரில் அவரது வீடு, ஆமி இருந்த கோட்டைக்குக் கிட்ட. அங்கே இருந்து ஷெல் அடிக்கத் தொடங்கினால் முதல் வேலை விளக்கை அணைப்பது, இரண்டாவது யன்னலைச் சாத்துவது. பிறகு சாத்திய யன்னலைத் திறப்பதே இல்லையென்று ஆகி, அதன் குறுக்கே அலுமாரியை நகர்த்தி வைத்திருந்தார்களாம். வெயில் எரிக்கிற ஊரில் பகலிலும் மெழுகுதிரி. இதை அவர் ஒருநாள் மீன் வெட்டிக்கொண்டு, வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொல்லி முடித்தார். நானும் மேலே கேட்கவில்லை.

அக்காவின் கணவரை நான் அத்தான் என்பேன். அத்தானும் அவரும் சேர்ந்துதான் ஊரைவிட்டு வெளிக்கிட்டவர்கள். வழியில் ஓர் எயார்போட்டில் அத்தானை மட்டும் மறித்துவிட்டார்கள். திரும்பிப் பார்த்த அக்காவிடம், போ போ என்று கையை மட்டும் காட்டினாராம். அக்கா டென்மார்க் வந்து சேர்ந்தார், அத்தான் கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். குடும்பத்தைக் கூப்பிட அக்கா எழுதிப் போட்டார், பதில் வரவில்லை. அவருக்கு மட்டுமல்ல, எங்கள் ஆட்களில் எத்தனையோ பேருக்கு வரவில்லை. நீதி அமைச்சில் அந்த விண்ணப்பங்களை வேண்டுமென்றே நித்திரையாக்கி வைத்திருந்தார்கள் என்று பிற்பாடு பெரிய விசாரணை வந்து, ஓர் அரசாங்கமே வீட்டுக்குப் போனது. அதெல்லாம் பிறகு. அப்போது எங்களுக்குக் கிடைத்த மறுமொழி, பொறுத்திருங்கள் என்ற ஒன்றுதான்.

இரண்டாவது மாரியில் அக்காவின் கண் சிவக்கத் தொடங்கியது. இமை வீங்கி, ஓயாமல் நீர் வடியும். ஞாயிறு பூசைக்கு வந்தால் கைலேஞ்சியால் ஒற்றிக்கொண்டே இருப்பார். பூசை முடிந்து வெளியே வந்ததும் பெண்கள் சுற்றிக்கொள்வார்கள். ஒருவர் முதுகைத் தடவுவார், ஒருவர் கையைப் பிடிப்பார்.

"அழாதையுங்கோ. மாதா கைவிட மாட்டா. அவர் வந்திடுவார்."

"நான் அழேல்லை. கண் கூசுது."

"ஓமோம், எங்களுக்கு விளங்குது."

"உங்களுக்கு விளங்கேல்லை. அழுறதெண்டால் நான் சொல்லிப்போட்டு அழுவன்."

யார் நம்பினார்கள்? கணவன் அங்கே, மனைவி இங்கே, கண் இரண்டும் செக்கச்செவேலென்று. சனத்துக்கு ஒரு கதை கையில் கிடைத்தால் விடுமா? பனி வெளிச்சத்தால் கண் இப்படி ஆகும் என்று எங்களுக்கு யார் சொன்னது? குளிரான சாமான் கண்ணை எரிக்கும் என்பதை நானும் அப்போது நம்பவில்லை. அவர் தனிய இருக்கும்போது அழுகிறார், எங்களுக்கு மறைக்கிறார் என்றே நினைத்தேன். சில நாட்களில் அது உண்மையாகவும் இருந்திருக்கலாம்.

கடைசியில் கண்ணுக்குள் மண் போட்டதுபோல் இருக்கிறது, தலையும் இடிக்கிறது என்று அவரே கண் வைத்தியரிடம் போக ஒத்துக்கொண்டார். மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப் போனார். என் டேனிஷும் அவருடையதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எனக்கு வெட்கமில்லாமல் பிழைவிட வரும் என்பதுதான் வித்தியாசம். வைத்தியர் நரைத்த தலை, மெல்லிய குரல். என்ன செய்கிறது என்று கேட்டார்.

"கண் கூசுது எண்டு சொல்லு" என்றார் அக்கா.

கூசுவதற்கு டேனிஷில் என்ன? எனக்குத் தெரிந்தது கூச்சத்துக்கு உரிய சொல் ஒன்றுதான். மொழிப் பள்ளி ரீச்சர் எங்கள் பெண்களை ஒவ்வொரு நாளும் 'ஷெனேயர்ட்' என்பார். கூச்ச சுபாவம் உள்ளவர் என்று பொருள். நான் யோசிக்கவில்லை. "இவரின் கண்கள் ஷெனேயர்ட்" என்று சொல்லிவிட்டேன்.

வைத்தியர் எழுதுவதை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா, கலங்கி வடிந்த கண்களால் அவரை நேரே திருப்பிப் பார்த்தார். "இந்தக் கண்களா?" என்றார் அவர். "எனக்கு அப்படித் தெரியவில்லையே." பிறகு அவருக்குப் பிடிபட்டுவிட்டது. வெளிச்சம் தொந்தரவு செய்கிறது என்று சொல்லும் சொல்லும் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி ஒரு சொல்தானாம். அதைச் சொல்லித் தந்துவிட்டுச் சிரித்தார். உங்கள் மொழியில் கண்ணும் வெட்கப்படுமா என்று கேட்டார். நான் அதை அக்காவிடம் தமிழில் சொன்னேன்.

"கண் வெட்கப்படாது. வெளிச்சம் கனக்க வந்தால் கொஞ்சம் பின்வாங்கும், பிறகு பழகிடும் எண்டு சொல்லு" என்றார் அக்கா. அதை மொழிபெயர்க்க எனக்கு இயலவில்லை, ஆம் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

பார்வைக்குப் பயமில்லை என்று வைத்தியர் சொன்னதும் அக்கா பெருமூச்சு விட்டார். அது வரைக்கும் அவர் பயந்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பனியில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தை நாள் முழுக்கக் கண்ணைச் சுருக்கிப் பார்த்ததில் கண் களைத்துவிட்டது, ஹீற்றரின் சூட்டில் காய்ந்தும் விட்டது. சொட்டு மருந்து, வெளியே போகும்போது கறுப்புக் கண்ணாடி, மத்தியானத்தில் யன்னலுக்குச் சீலை. இவ்வளவுதான் அவர் சொன்னது. மருந்தையும் கண்ணாடியையும் அக்கா ஏற்றுக்கொண்டார். மூன்றாவதை நான் இருதரம் மொழிபெயர்த்தேன். இருதரமும் அவருக்குக் காது கேட்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து வீட்டுக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி. பெரிய வட்டக் கண்ணாடி, முகத்தில் பாதியை மறைக்கும். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிச் சுவருக்கு முன்னால் கால்மேல் கால் போட்டு முருங்கைக்காய் சீவும் ஒரு பெண்ணைப் பார்த்தால் சனம் சும்மா இருக்குமா? சினிமாப் படக்காரி என்று பெயர் வைத்தார்கள். மனுசன் அங்கே கிடந்து சீரழிய, இவ இங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மை மாதிரி இருக்கிறா என்றார்கள். என் கணவர்கூட, "உந்த அக்காவோடை கனக்கப் பழகாதை, பிறகு நீயும் சீலையைக் கழட்டுவாய்" என்றார். பயம் எங்கே இருக்கிறது பாருங்கள்.

அந்தப் பங்குனியில் ஒரு மத்தியானம் கமராவும் கொப்பியுமாக மாணவர் கூட்டமொன்று வாத்தியாரோடு கட்டடத்தைப் பார்க்க வந்தது. கட்டடக்கலை படிக்கிறவர்கள். பனிக்குள் நின்று அண்ணாந்து பார்த்துக் கீறினார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் ஒரே யன்னலைப் பார்ப்பதைக் கண்டு நான் சீலை இடுக்கால் எட்டிப் பார்த்தேன். வாத்தியார் மேலே ஏறிப் போய் மணி அடித்தார். அக்கா கதவைத் திறந்து, கூட்டத்தையே உள்ளே விட்டு, என்னையும் கூப்பிட்டார்.

வாத்தியார் அறையின் நடுவில் நின்று சொன்னார். முன்பு இந்த நாட்டில் தொழிலாளர்கள் பின்முற்றங்களில், வெயில் படாத சின்ன அறைகளில் அடைந்து கிடந்து காசநோயில் செத்தார்களாம். அதனால்தான் பிற்பாடு வந்தவர்கள் எல்லோருக்கும் வெளிச்சம், எல்லோருக்கும் காற்று என்று இப்படிக் கட்டினார்களாம். சுவர் கூரையைத் தாங்க வேண்டாம், யன்னலைத் தாங்கினால் போதும் என்பதுபோல் ஏதோ சொன்னார், அது எனக்கு விளங்கவில்லை. ஆனால் இந்த அறையில் மட்டும்தான் வரைந்தவர் நினைத்தபடி ஒருவர் வாழ்கிறார் என்று சொன்னது விளங்கியது.

அக்கா எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். அவர்கள் போன பிறகு கோப்பைகளைக் கழுவிக்கொண்டு, "பாத்தியே பிள்ளை, இவையும் இருட்டுக்கை கிடந்த சனம்தான்" என்றார். அன்று முழுக்க நல்ல சந்தோசமாக இருந்தார். நானும் சந்தோசமாகத்தான் கீழே வந்தேன். வந்து என் நாவல்பழச் சீலையை ஒரு சாண் திறந்தேன். கணவர் வருமுன் மூடிவிட்டேன்.

அக்கா சீலையில்லாத யன்னலுக்கு முன்னால் இருக்கிறதை யாரோ கொழும்புக்கு அறிவித்துவிட்டார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. கீழறையில் மெசினுக்குள் உடுப்பைப் போட்டுவிட்டு நிற்கும்போது அக்கா எனக்கு அதைச் சொன்னார். அத்தான் ரெலிபோன் எடுத்தாராம். அவர் கத்துகிறவர் அல்ல, அன்றும் கத்தவில்லை.

"எல்லாரும் பாக்கக்கூடியதாய் இருக்கிறீராம். ஒரு சேலையைத் தன்னும் கட்டிவிடும், எனக்காக எண்டு கேட்டார்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"வந்து பாத்துப்போட்டுச் சொல்லுங்கோ, அதுக்குப் பிறகு கதைப்பம் எண்டன்."

வருவதற்கு வழியில்லாமல் கிடக்கும் மனிதருக்குச் சொல்கிற பதிலா இது? அதற்குப் பிறகு அத்தானிடமிருந்து ரெலிபோன் வரவில்லை. வாரங்கள் போயின. விண்ணப்பமும் அசையவில்லை. வழி திறந்தாலும் அவர் இனி வரமாட்டார் என்று பூசைக்கு வருகிறவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். ஒரு துண்டுத் துணிக்காக வாழ்க்கையைக் குழப்புகிறாவே என்றார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த எண்ணம் வந்தது. மெல்லிய வலைத்துணி என்றாலும் போடுங்கோ அக்கா என்று கெஞ்சினேன். அவர் என்னோடு கோபிக்கவில்லை. அந்த நாட்களில் தையலை மடியில் வைத்துக்கொண்டு ஊசி கோக்காமல் இருப்பார். றோட்டில் போகிறவர்களுக்குத் தலையசைக்க மறந்துவிடுவார்.

ஒரு பின்னேரம் கடையால் திரும்பி வந்து அண்ணாந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அக்காவின் யன்னலில் சேலை. அவரது கலியாணக் கூறை போலச் சிவப்பாக, குறுக்கே தொங்கியது. நான்தான் போடச் சொல்லிக் கெஞ்சியவள், ஆனால் அதைக் கண்டதும் அழுகை வந்தது. படியில் ஓடி ஏறினேன். கதவு திறந்தே கிடந்தது. அக்கா ஸ்ரூலில் ஏறி நின்று, கட்டிய முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டிப் பாத்தன், பிள்ளை" என்றார் திரும்பாமல். "அவருக்காகத்தான் கட்டினனான். ஒரு மணித்தியாலம் இருந்து பாத்தன். மூச்சு முட்டுது."

ஸ்ரூலால் இறங்கிச் சேலையை மடித்தார். ஓரங்களைச் சரிபார்த்து, கையால் நீவி நீவி மடித்தார். பிறகு, "இப்ப அழப்போறன்" என்று சொல்லிவிட்டு அழுதார். நான் பக்கத்தில் இருந்தேன். எனக்கு அவரைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

வழி திறந்தது. பத்திரிகைகளில் எங்கள் ஆட்களின் கதை அடிபடத் தொடங்கி, மூடிக் கிடந்த விண்ணப்பங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அக்காவுக்கும் அனுமதி வந்தது. அவர் கொழும்புக்கு ரெலிபோன் எடுத்து, வரலாம் என்று சொன்னார். மறுபக்கத்திலிருந்து வந்தது "சரி" என்ற ஒரு சொல்தானாம். சரியென்றால் என்ன சரி? வருகிறேன் என்பதா, யோசிக்கிறேன் என்பதா? ஊரெல்லாம் அதை ஆராய்ந்தது. அக்கா மட்டும் ஆராயவில்லை. புதுப் போர்வை வாங்கினார்.

அத்தான் வந்த நாளுக்கு முதல்நாள் முழுக்கப் பனி கொட்டி, அன்று காலையில் வெளித்திருந்தது. ரயில் நிலையத்துக்கு நாங்கள் நால்வர் போனோம். அக்கா, என் கணவர், நான், தள்ளுவண்டிலில், இதற்கிடையில் பிறந்த என் மகள். படத்தில் பார்த்த மனிதரில் பாதிதான் இறங்கி வந்தார். சட்டைக் கழுத்துக்குள் கழுத்து நின்று ஆடியது. அக்கா கொண்டுபோன கம்பளிக் கோட்டை அவருக்குப் போட்டுவிட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் தொடவில்லை, கதைக்கவுமில்லை. நடக்கும்போது அத்தான் எங்கள் முகங்களைப் பார்க்காமல், முன்னால் வருகிறவர்களையும் பின்னால் வருகிறவர்களையுமே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு பொலிஸ் கார் கடந்து போனது. அவர் நின்று, அது வளைவில் மறைந்த பிறகுதான் அடுத்த அடி வைத்தார்.

வீட்டுக்கதவைத் திறந்ததும் வயலின் வெள்ளை முழுக்க அறைக்குள் நின்றது. அத்தான் வாசலிலேயே கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றுவிட்டார். எங்கள் வீட்டில் எடுத்த புட்டுச் சட்டியோடு பின்னால் வந்த நான் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். என் கணவர் சப்பாத்தைக் கழற்றுகிற சாட்டில் குனிந்தவர் நிமிரவில்லை.

அக்கா அலுமாரியைத் திறந்தார். அந்தச் சிவப்புச் சேலையை எடுத்துக்கொண்டு வந்து அத்தானுக்கு முன்னால் நின்றார்.

"மூடட்டே?" என்று கேட்டார்.

மூடுவதற்கு அக்கா ஒருவரிடம் சம்மதம் கேட்டதை நான் கண்டது அன்று ஒருநாள்தான். அத்தான் அவரைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார். பிறகு மெல்ல நடந்து கண்ணாடிக்குக் கிட்டப் போய், விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"கொழும்பு லொட்ஜிலை என்ரை அறைக்கு யன்னல் இல்லை" என்றார். "கதவையும் சாத்தித்தான் வைச்சிருந்தனான். பொலிஸ் எப்ப வந்து செக் பண்ணுவாங்களோ எண்டு. லைற்றும் போடுறேல்லை. யன்னலுக்கு முன்னாலை இருக்கிறீர் எண்டு சனம் சொல்லேக்கை எனக்கு வெட்கம் வரேல்லை. பயம்தான் வந்தது."

அக்கா கையில் சேலையோடு நின்றார்.

"உந்த றோட்டாலை போற சனத்துக்கு எங்களைத் தெரியுமோ?"

"ஓம். நல்லாத் தெரியும்."

கீழே வயல் ஓரத்தில் ஒரு பெண் தன் பிள்ளையைச் சறுக்குப் பலகையில் வைத்து இழுத்துக்கொண்டு போனாள். அத்தான் அவள் போவதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கதிரையை இழுத்துக் கண்ணாடிக்கு முன்னால் போட்டு இருந்தார். கோட்டைக் கழற்றி மடியில் வைத்தார். சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டி, தலைமயிரைக் கையால் நீவி, படம் எடுக்க இருக்கிறவர் மாதிரி நிமிர்ந்து இருந்தார்.